கொக்கி விழுந்த மூட்டை

அட மெதுவா பாருங்கண்ணே, ஸ்கூல் பை ஜிப்புதானே. ஒண்ணும் அவசரமில்ல. நாளைக்குக் காலையில பாப்பா எடுத்துட்டுப் போகணும், அவ்வளவுதான். போவாளா மாட்டாளாங்கறது வேற கதை. நீங்க முதல்ல உக்காருங்க. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு ஸ்டூலத் தொடைச்சுப் போடறீங்களே, நான் என்ன இன்ஸ்பெக்டரா? மூட்டை தூக்கறவன். இந்த மரப்பெட்டி மேலயே உக்காந்துக்கறேன். டீ வேணாம், இப்பத்தான் குடிச்சேன். இல்லண்ணே, நிஜமாவே குடிச்சேன். சரி, விட மாட்டீங்க. அரை டீ சொல்லுங்க.

பாப்பாவா? வந்திருக்கா. அதோ, எதிர்த்தாப்புல பேக்கரி படியில உக்காந்திருக்கா பாருங்க, கையில பன்னு. கூப்பிடாதீங்க, வர மாட்டா. அதாவது, நான்தான் வரக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அங்கேயே இருக்கட்டும். அவளைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன், அவ பக்கத்துல இருந்தா நான் எங்க பேசறது? நான் ஒரு வார்த்தை சொன்னா அவ ஒம்பது எடத்துல திருத்துவா.

ஒண்ணுமில்லண்ணே. வியாழக்கிழமை கிளாஸ்ல ஒரு பொண்ணு கையில பென்சிலக் குத்திட்டா.

குத்திட்டான்னா, விளையாட்டுக்குக் கீறினதுன்னு நெனைச்சுக்காதீங்க. கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல மெத்துன்னு ஒரு எடம் இருக்கும் பாருங்க, அங்க. மொனை உள்ளயே ஒடைஞ்சு நின்னுடுச்சு. டாக்டர் கீறித்தான் எடுத்தாராம். மூணு தையல், அதுவும் சோத்துக் கையில. அந்தப் பொண்ணு நல்லாப் படிக்கற பொண்ணு, கண்ணாடி போட்டிருக்கும், நம்மாளு அதுக்கு சோடாபுட்டின்னு பேர் வெச்சிருக்கா. அடுத்த வாரம் பரிட்சை. அது இப்ப கையில தலகாணி மாதிரி கட்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு.

எதுக்குக் குத்தினான்னு கேளுங்க. எடத்துக்கு. ஃபேனுக்கு நேர் கீழ ஒரு பெஞ்சு இருக்காம். நம்மாளு காலையிலயே போயி பென்சில் டப்பாவ அதுல வெச்சிட்டு தண்ணி குடிக்கப் போயிருக்கா. அந்தப் பொண்ணு வந்து டப்பாவ ஓரமா நகத்திட்டுக் கையை வெச்சுக்கிட்டு நின்னிருக்கு. இவ வந்தா, பாத்தா. ஏய்னு ஒரு வார்த்தை கெடையாது, நேரா பென்சில்தான். குத்தினதுகூடப் போகட்டும்ணே, அதுக்கப்புறம் பண்ணினதுதான் டீச்சரம்மாவுக்கு ஜுரம் வர வெச்சிருக்கு. அந்தப் பொண்ணு அலறுது, பெஞ்சுல ரத்தம் சொட்டுது, இவ பாட்டுக்கு உக்காந்து, ஒடைஞ்ச பென்சில நிதானமா சீவி, நோட்டத் தொறந்து மேல தேதி எழுதியிருக்கா.

சிரிக்கறீங்களா? சிரிங்க. எனக்கும் கேட்டதும் சிரிப்புதான் வந்துச்சு. பொய் எதுக்குச் சொல்லணும், உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. என் பொண்ணுடா, எவளும் இவகிட்ட வாலாட்ட முடியாதுன்னு. ஹெட்மிஸ்டரஸ் ரூமுக்குள்ள போற வரைக்கும் அந்தப் பெருமை இருந்துச்சு.

அந்த ரூமப் பத்திச் சொல்லணும்ணே. ஒரு கண்ணாடி பீரோ, அது நெறைய கப்பு. எல்லாம் ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சது. யாரு முதல்ல ஓடி வந்தாங்களோ அவங்களுக்குக் குடுத்தது. அதுக்கு முன்னாடி உக்கார வெச்சுத்தான் அந்தம்மா எங்களுக்கு அடுத்தவங்களுக்கு விட்டுக் குடுக்கறதப் பத்தி அரை மணி நேரம் பாடம் எடுத்தாங்க. எனக்குப் போட்ட நாற்காலி ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க நாற்காலி. முழங்கால் வந்து தாடையில இடிக்குது. அந்த லட்சணத்துல உக்காந்துக்கிட்டு எப்படிண்ணே மரியாதையா மூஞ்சிய வெச்சுக்கறது? எங்க வீட்டம்மா பக்கத்துல நின்னு என் தோளக் கிள்ளிக்கிட்டே இருந்தா.

அந்தம்மா கேட்டாங்க, ஏம்மா குத்தினேன்னு. இவ நிமிந்து பாத்து, டப்பா முதல்ல என்னுது, டப்பா வெச்ச எடத்துல யாரு கையை வெச்சாலும் அதுக்கு நான் பொறுப்பில்ல மிஸ் அப்படீங்கறா. வக்கீல் தோத்தான் போங்க. இதை யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க. எங்கப்பான்னா. நான் அண்ணாந்து ஃபேனப் பாத்தேன். அந்த ரூமுலயும் ஒரு ஃபேனு, அது ஓடல.

உங்களுக்குத் தெரியாததா? பத்து வருஷம் அந்த லாரி யார்டுல நீங்களும் மூட்டை தூக்கினவருதானே. நீங்க வந்துட்ட பிறகு சட்டம் திருந்திடுச்சுன்னு நெனைக்காதீங்க, அதே சட்டம்தான். லாரி கேட்டுக்குள்ள நொழையும், நிக்கறதுக்கு முன்னாடியே நாலு குரூப்பும் ஓடும், எவன் கொக்கி முதல்ல மூட்டையில குத்துதோ அவன் குரூப்புக்குத்தான் லோடு. கொக்கி விழுந்த மூட்டையில எவன் கை இருந்தாலும் அதுக்கு யாரும் பொறுப்பில்ல. போலீஸ்காரனே அதுக்கு மேல பேச மாட்டான். லோடு கெடைச்சா அன்னைக்கு அடுப்பு எரியும், இல்லன்னா பெஞ்சுல உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். இதுல எவன் எவனுக்கு விட்டுக் குடுப்பான்? விட்டுக் குடுத்த நல்லவன் ஒருத்தன் இருந்தான், ஒல்லியா, ஞாபகமிருக்கா? ஆறே மாசம். இப்ப எங்கயோ வாட்ச்மேனா இருக்கானாம்.

அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போனது என் தப்புதான். சின்ன வயசுலேருந்து அவளுக்கும் எனக்கும் ஒரு வெளயாட்டு உண்டு. நான் தலகாணியெல்லாம் அடுக்கி முதுகுல வெச்சுக்கிட்டு முட்டி போட்டுத் தவழ்ந்து வருவேன், நான்தான் லாரி. அவளும் அவங்கம்மாவும் ஓடி வரணும். துணி மாட்டற கம்பிய வளைச்சு அவளுக்கு ஒரு குட்டிக் கொக்கி பண்ணிக் குடுத்திருந்தேன். யாரு முதல்ல தலகாணியில மாட்டறாங்களோ அவங்களுக்கு பிஸ்கட்டு. ஆரம்பத்துல அவங்கம்மாதான் ஜெயிப்பா. இவ ஓடி வருவா, அம்மா மூஞ்சியப் பாப்பா, சிரிப்பா, நின்னுடுவா. அப்ப நான்தான் சொல்லிக் குடுத்தேன். மூஞ்சியப் பாக்காத, மூட்டையப் பாரு. மூஞ்சியப் பாத்தா கை தயங்கும்.

ரெண்டே நாள்ல புடிச்சுக்கிட்டாண்ணே. அப்புறம் அவங்கம்மா ஒரு தடவைகூட ஜெயிக்கல. ஒரு நாள் முழங்கையக் கிழிச்சு விட்டுட்டா. அன்னைக்கே வீட்டம்மா சொன்னா, நீ பொண்ணு வளக்கலய்யா, லோடுமேன் வளக்கறேன்னு. நான் காதுல வாங்கல. ஏண்ணே வாங்கணும்? வெளிய இருக்கற உலகம் என்ன, வாங்கம்மான்னு கம்பளம் விரிச்சு வெச்சிருக்கா? பஸ்ஸுல எடத்துக்கு அடிதடி, தண்ணிக் கொழாயில அடிதடி, ஆஸ்பத்திரியில சீட்டுக்கு அடிதடி. இந்தக் கூட்டத்துல தயங்கித் தயங்கி நிக்கற புள்ளைய மிதிச்சிட்டுப் போயிடுவானுங்கண்ணே. அதனாலதான் சொல்லிக் குடுத்தேன். கெட்டுப் போகணும்னா சொல்லிக் குடுப்பேன்?

ஆங், அங்கதான் வர்றேன். அந்தம்மா முடிவாச் சொல்லிட்டாங்க. திங்கக்கெழமை காலையில கிளாஸ் முன்னாடி நின்னு அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேக்கணும். இல்லன்னா டி.சி. அதுலயும் ஒரு கண்டிஷன். காரணம் சொல்லக் கூடாதாம். அவ டப்பாவ நகத்தினா, அதனால குத்தினேன்னு ஆரம்பிச்சா அது மன்னிப்பு இல்லையாம், சாக்காம். நாளைக்குத்தான் திங்கக்கெழமை.

இவ கேக்க மாட்டேங்கறாண்ணே. தலைகீழா நின்னாலும் மாட்டேங்கறா. பயமுறுத்தினேன், கெஞ்சினேன், ஐஸ்கிரீம் ஆசை காட்டினேன். கடைசியில கோவம் வந்து முதுகுல ரெண்டு வெச்சேன். அடுத்தவங்கள அடிக்கக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவைடீ சொல்றதுன்னு கேட்டுக்கிட்டே வெச்சேன். அடுப்படியில நின்ன வீட்டம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே, எனக்கு அந்தக் கை அப்படியே நின்னுடுச்சு. இவ அழக்கூட இல்ல. நீ என்னை விடப் பெரிசு, அதனால அடிக்கற, நான் அவளை விடப் பெரிசு, அதனால குத்தினேன், இதுல என்ன தப்புங்கறா. நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

நேத்து சாயந்தரம் அந்தப் பொண்ணு வீட்டுக்கே கூட்டிட்டுப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கிட்டு. கதவுல சங்கிலியப் போட்டுக்கிட்டு இவ்வளவுதான் தொறந்தாங்க அந்தப் பொண்ணோட அம்மா. அதுவே பெரிசு, நானா இருந்தா பக்கெட்டுத் தண்ணிய ஊத்தியிருப்பேன். அந்தச் சந்துல பாத்தா உள்ள சோடாபுட்டி, ச்சே, அந்தக் கொழந்தை, சோபாவுல உக்காந்து இடது கையால ஆனா ஆவன்னா எழுதிப் பழகிட்டிருக்கு. கோணக் கோணையா. நாலாங்கிளாஸ் புள்ளை, ஒண்ணாங்கிளாஸ் எழுத்து. நான் ஆப்பிள் பையத்தான் சந்துல நீட்டினேன்.

இவ என்ன பண்ணினா தெரியுமா? சாரி அப்படீன்னா. பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு குடுப்பாங்களே, அந்தக் கொரல்ல. சொல்லிட்டு அந்தம்மாவப் பாத்து, என் பென்சில் மொனைய டாக்டர் குடுத்தாரா ஆன்ட்டின்னு கேக்கறா. கதவு மூடினதுல ஆப்பிள் பை சந்துல மாட்டிக்கிச்சு. விட்டுட்டு வந்துட்டேன்.

ஸ்கூல் போனா வேற ஸ்கூல் இருக்குண்ணே. டி.சி.ய நான் ஒரு பொருட்டாவே நெனைக்கல. நானே மூணாங்கிளாஸுல நின்னவன். ஆனா இடது கையால எழுதற கொழந்தையக் கண்ணால பாத்துட்டு வந்தும் இவளுக்குள்ள ஒண்ணுமே உறுத்தலியே, அதுக்கு எந்த ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது? அங்கதான் எனக்கு பயம் வந்துச்சு. திரும்பி வர்ற வழியில அவ என் கையப் புடிச்சுக்கிட்டு பாட்டுப் பாடிக்கிட்டே வர்றா. எனக்கு அந்தக் கைய விட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. பெத்த புள்ளை கையண்ணே.

டீ நல்லாருக்கு. நீங்க ஊசி கோக்கற அழகு இருக்கே, எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு சலிக்கல. அந்த ரெண்டு விரலும் மடங்கறதில்ல, அதுக்கு நடுவுல நூல வெச்சுப் பல்லால இழுத்து, டக்குன்னு கோத்துடறீங்க. ரெண்டு கையும் சரியா இருக்கறவன் நான், சட்டை பட்டனத் தைக்கச் சொன்னா விரலோட சேத்துத் தைச்சுக்குவேன்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், பாட்டு. வீட்டுக்கு வந்து அவள உக்கார வெச்சேன். சரி, ஒத்திகை பாக்கலாம், நான்தான் அந்தப் பொண்ணு, என்கிட்ட கேளுன்னேன். எப்படிப்பா கேக்கறது, எனக்குத் தெரியல, நீ கேட்டுக் காட்டுன்னா. நான் தொண்டையக் கனைச்சுக்கிட்டு, ஏதோ தெரியாம நடந்துபோச்சு, மனசுல வெச்சுக்காதம்மான்னேன். தெரியாம நடக்கலியே, தெரிஞ்சுதான் குத்தினேன், பொய் சொல்லவாங்கறா. சரி, தெரிஞ்சே பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோன்னேன். உடனே அவ, நீ சினிமாவுல வர்ற மாதிரி சொல்றப்பா, நெசமா யார்கிட்டயாவது நீ கேட்டிருக்கியா, அப்படிச் சொல்லிக் காட்டுங்கறா.

நான் அவங்கம்மாவப் பாத்தேன். அவ சமயம் பாத்து, என்கிட்டயே பதினாலு வருஷத்துல கேட்டதில்ல, உங்கப்பன் ஊர்ல யார்கிட்ட கேட்டிருக்கப் போறாருன்னா. யோசிச்சுப் பாத்தேண்ணே, வாஸ்தவம். நம்ம யார்டுல எப்படி? இன்னைக்கு ஒருத்தன் மண்டைய ஒடைச்சா நாளைக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துத் தோள்ல தட்டுவோம், விடுறா மச்சான், முடிஞ்சுது. மன்னிப்புன்னு ஒண்ணு யார்டுக்குள்ள தப்பித்தவறி வந்திருந்தா அதையும் எவனாவது கொக்கி போட்டு இழுத்துட்டுப் போயிருப்பான். கோயிலுக்குப் போயி கேட்டிருக்கேன், அது நெறைய தடவை. அவரு திருப்பி ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அது ஒரு வசதி.

அப்புறம் அவ கேட்டா, சரி, நீ யாரையாவது குத்தியிருக்கியாப்பான்னு.

இல்லன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. அவ பாத்துக்கிட்டே இருக்கா, நான் சொல்லிக் குடுத்த மாதிரி இல்லாம, மூஞ்சியவே பாக்கறா. ஒருத்தர் இருக்காருன்னேன். அவர்கிட்ட கேட்டியான்னா. இல்லன்னேன். ஏன்னு கேட்டா. நான் எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போனேன். அப்ப நீ முதல்ல கேளு, நான் பாக்கறேன், பாத்துட்டு நாளைக்கு அதே மாதிரி நானும் கேக்கறேன்னா. பந்தயம் கட்டற மாதிரி கைய நீட்டறாண்ணே. வேற வழியில்லாம நானும் கையில அடிச்சேன்.

இல்ல, கூப்பிடாதீங்க. சொல்றேன். ரோட்டுச் சத்தத்துல இங்க பேசறது ஒண்ணும் அவளுக்குக் கேக்காது, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் கேட்டேன், அங்க உக்காந்தா உனக்கு எப்படித் தெரியும் நான் கேட்டேனா இல்லையான்னு. பெரியப்பா மூஞ்சியப் பாத்தா, அதான் உங்க மூஞ்சிய, தெரிஞ்சுடும்னு சொல்லிட்டா. அதான் பன்னக்கூடத் தின்னாம இந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருக்கா.

அண்ணே, யார்டுல இருந்த மொட்டைய ஞாபகம் இருக்கா?

இருக்கும். எப்படி மறக்கும்? இல்லண்ணே, திட்டாதீங்க. இப்ப வேணாம், கொஞ்சம் பொறுங்க. அவனைத் திட்டறத நிறுத்துங்க, நான் சொல்லி முடிக்கற வரைக்கும். அந்த சர்க்கரை லாரி. வடக்கு கேட்டு வழியா வந்துச்சு. பதினஞ்சு நாளா லோடு இல்ல நம்ம யார்டுல, ஞாபகமிருக்கா, ஸ்டிரைக்கு முடிஞ்சு வந்த முதல் லாரி. நாப்பது பேர் ஓடினோம். நீங்க எங்க குரூப்பு இல்ல, நீங்க செவத்தான் குரூப்பு. நீங்கதான் முதல்ல ஏறினீங்க, கொக்கிய எடுக்கறதுக்கு முன்னாடி மூட்டையப் புடிச்சுக்க கைய வெச்சீங்க. அதே நேரத்துல அஞ்சாறு கொக்கி விழுந்துச்சு. எது யாருதுன்னு எவனுக்கும் தெரியல. மொட்டை அன்னைக்கும் குடிச்சிருந்தான், அவன்தான்னு நான் சொன்னேன். நான் பாத்தேன்னே சொன்னேன். ஒருத்தன் சொன்னதும் எல்லாரும் சொன்னானுங்க. அவனே நம்பிட்டாண்ணே. நான்தான் போல இருக்குன்னு அழுதுக்கிட்டே மறுநாள் ஊரை விட்டுப் போனான்.

நான் உங்களத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அது நெசம். தோள்ல போட்டுக்கிட்டு ரெண்டு தெரு ஓடினேன், வழி பூரா என் சட்டையெல்லாம் உங்க ரத்தம். நீங்க மயக்கத்துல, தம்பி விட்டுடாத தம்பி, விட்டுடாதன்னு சொல்லிக்கிட்டே வந்தீங்க. அதுலேருந்து என்னைக் கண்டா எந்திரிச்சு நிக்கறீங்க. என் பொண்ணுக்கு மூணு பையி சும்மாவே தைச்சுக் குடுத்திருக்கீங்க. அவ ஸ்கூலுல எங்கப்பா ஒருத்தரக் காப்பாத்தினாருன்னு கட்டுரை எழுதி அதுக்கு ஸ்டார் வாங்கியிருக்கா. எட்டு வருஷமா நான் உங்க ஸ்டூல்ல உக்காந்து உங்க டீயக் குடிச்சிட்டுப் போறேன். இன்னைக்கு ஏன் இந்தப் பெட்டி மேல உக்காந்தேன்னா, அந்த ஸ்டூல்ல உக்காந்து இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

என் கொக்கிண்ணே.

மொட்டை ரெண்டாவது மூட்டையில குத்தினான், அவன் உங்க பக்கத்துலயே இல்ல. உங்க கையில எறங்கினது என்னுது. தவறிப் பட்டதும் இல்ல. நீங்க கை வெச்சதப் பாத்தேன். மோதிர விரல்ல ஒரு பழைய தழும்பு இருந்துச்சு உங்களுக்கு, அதைக்கூடப் பாத்தேன், அவ்வளவு கிட்டத்துல இருந்தேன். கைய எடுக்கச் சொல்லிக் கத்தியிருக்கலாம். கத்தினா ஒரு நொடி போயிடும், லோடு உங்க குரூப்புக்குப் போயிடும். பாத்துட்டுத்தான் குத்தினேன். அன்னைக்கு எங்க வீட்டுல... இல்ல, வேணாம். காரணம் இருக்கு, சொல்ல மாட்டேன். எவ்வளவு பெரிய காரணமா இருந்தாலும் அது உங்க கைக்கு ஈடாகாது.

என்னை மன்னிச்சுடுங்கன்னு கேக்கணும். கேக்கறேன். மன்னிச்சுடுங்கண்ணே. எப்படிச் சொல்றதுன்னு ராத்திரி பூரா படுத்துக்கிட்டு யோசிச்சேன், வேற வார்த்தை எதுவும் சிக்கல. மொட்டை எங்க இருக்கான்னு விசாரிச்சிட்டிருக்கேன். அவன்கிட்டயும் போகணும்.

பைய கீழ வெச்சுடுங்க, ஊசி குத்திடும். என்னை அடிக்கணும்னா அடிங்க, இங்கயே வெச்சு அடிங்க, அவ பாக்கட்டும். இனிமே இந்தக் கடைப் பக்கம் வராதன்னா வரல. அய்யோ, அவ எந்திரிச்சுட்டா. வண்டி வருது, ரோட்டத் தாண்டி வர்றா பாருங்க. அண்ணே, இங்க வந்து உங்ககிட்டத்தான் கேப்பா, எங்கப்பா கேட்டாரா பெரியப்பா, நீங்க என்ன சொன்னீங்கன்னு. நீங்க என்ன வேணா சொல்லுங்க, காறித் துப்பிட்டேன்னு சொல்லுங்க. உங்க கொணம் எனக்குத் தெரியும், அதனால கால்ல விழுந்து கேக்கறேன். பரவால்லன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்கண்ணே.